கையால் செய்த சொபா எங்கே சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். ராமென் பற்றியும் சுஷி பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சொபா அப்படி இல்லை. கடைக்குப் போய், தவறான நேரத்தில் தவறான கிண்ணத்தை வாங்கி, "சப்பென்று இருந்தது" என்று சொல்லித் திரும்புகிறவர்களே அதிகம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

சொபா என்றால் சரியாக என்ன?

பக்வீட் என்ற செடியின் விதையை அரைத்த மாவில் செய்யும் மெல்லிய நூடுல்ஸ். பெயரில்தான் வீட் இருக்கிறதே தவிர கோதுமைக்கும் இதற்கும் உறவில்லை, இது புல் வகைத் தானியமே இல்லை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குப் பூரி சுடுவார்களே குட்டு மாவு, அதே பொருள்தான். குளிர்ந்த மலையிலும் சத்தில்லாத மண்ணிலும் விளையும், விதைத்து இரண்டரை மாதத்தில் அறுத்துவிடலாம். அதனால்தான் நெல் சரியாக வராத மலை ஊர்களெல்லாம் ஜப்பானில் சொபாவுக்குப் பேர்போன ஊர்களாக இருக்கின்றன.

முதலில் இதை நூடுல்ஸாகச் சாப்பிடவில்லை, களியாகக் கிண்டித்தான் சாப்பிட்டார்கள். சொபாகாகி என்று பெயர், இன்றும் நல்ல கடைகளில் கிடைக்கும். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். மாவைத் தேய்த்து வெட்டி நூலாக்கும் பழக்கத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1574ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மலை மாவட்டமான நாகானோவின் கிசோப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கோயிலில் இருக்கிறது.

கையால் செய்ததற்கும் மெஷினில் செய்ததற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பக்வீட் மாவில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுவை வரும், இதில் வராது. அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டு இடியாப்பம் பிழிய முடியாது, கொதிநீர் விட்டுத்தான் கிளற வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதே சிக்கல்தான் இங்கும். சில சொபாக்காரர்கள் நம்மைப் போலவே வெந்நீர் விட்டுப் பிசைகிறார்கள். பெரும்பாலானோர் பச்சைத் தண்ணீரிலேயே முடித்துவிடுகிறார்கள், அதில்தான் கைத்திறன் இருக்கிறது.

ஒரு தடவை கண்ணாடிக்குப் பின்னால் நின்று முழுசாகப் பார்த்தேன். அகலமான அரக்குப் பூச்சு மரத் தாம்பாளத்தில் மாவு. மாஸ்டர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விரல்களை விரித்து வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மாவு முதலில் புட்டு மாவு போல உதிரியாக இருந்தது, பிறகு சின்னச் சின்ன உருண்டைகள், பிறகு திடீரென்று எல்லாம் சேர்ந்து பளபளப்பான ஒரே உருண்டை. கடைசியாக விட்டது சில துளிகள்தான், அதையும் விரல் நுனியில் தொட்டுத் தெளித்தார். அன்றைய ஈரப்பதத்தைப் பொறுத்து அந்தச் சில துளிகள் மாறும், அதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் நீளமான கட்டையால் தேய்த்து, மடித்து, கைப்பிடி வரை கீழே இறங்கும் அகலமான கத்தியால் வெட்டல். ஒரு சின்னப் பலகையை மாவின் மேல் வைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை லேசாகச் சாய்த்தால் பலகை ஒரு மயிரிழை நகரும், அதுதான் அடுத்த நூலின் அகலம். டக் டக் டக் என்று ஒரே தாளம், நடுவில் நிற்கவே இல்லை.

இப்படி வெட்டிய நூல் விளிம்பில் கூர்மையாக இருக்கும். நாக்கில் படும்போது அந்த விளிம்பு தெரியும், மாவின் மணம் மூக்குக்கு ஏறும். மெஷினிலும் நல்ல சொபா செய்கிறவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் காலையில் அரைத்து, காலையில் பிசைந்து, நீங்கள் கேட்ட பிறகு கொதிநீரில் போட்ட சொபாவுக்கு ஈடு இல்லை. ஜப்பானியர்கள் இதை மூன்று "தாத்தெ" என்பார்கள்: அப்போதுதான் அரைத்தது, அப்போதுதான் பிசைந்தது, அப்போதுதான் வேகவைத்தது.

கடை வாசலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கையால் செய்வதற்கு "தெஉச்சி" என்று பெயர். ஜப்பானிய வரைபடச் செயலியில் "தெஉச்சி சொபா" என்று குரலில் தேடினாலே நிறைய வரும். கடை தானே மாவு அரைப்பதாக இருந்தால் "ஜிகாசெய்ஃபுன்" என்றும், கல் இயந்திரத்தில் அரைப்பதாக இருந்தால் "இஷிஉசு" என்றும் பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள். வாசல் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, உள்ளே மரப்பலகையும் கட்டையும் இருந்தால் இன்னும் நல்ல அடையாளம். பட்டியல் நீளமாக, கறி, சோறு, உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் எல்லாம் இருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். பத்துப் பதினைந்து வரிதான் என்றால் உள்ளே போய்விடுவேன்.

பழைய கடை என்பதும் கையால் செய்யும் கடை என்பதும் ஒன்று அல்ல. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

நிஹாச்சி, ஜூவாரி என்கிறார்களே?

நிஹாச்சி என்றால் எட்டுப் பங்கு பக்வீட், இரண்டு பங்கு கோதுமை மாவு. ஜூவாரி என்றால் முழுக்கப் பக்வீட். ஜூவாரிதான் உசத்தி என்று நினைக்க வேண்டாம். அதில் மணம் அதிகம், ஆனால் சீக்கிரம் ஒடியும், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். நிஹாச்சி தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதல் தடவை சாப்பிடுகிறவருக்கு நிஹாச்சியைத்தான் சொல்வேன். இரண்டும் இருக்கும் கடை என்றால் ஒரே தட்டில் இரண்டையும் வைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் உண்டு.

தோக்கியோவில் எங்கே போகலாம்?

முதல் பதில், காண்டா மட்சுயா. 1884இல் தொடங்கிய கடை, 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டிய மரக்கட்டடத்தில் இன்றும் நடக்கிறது, சொபா கையால் செய்தது. மேஜைகளை நெருக்கமாகப் போட்டிருப்பார்கள், முன்பின் தெரியாதவரோடு சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும், சத்தமாக இருக்கும். எனக்கு அந்தச் சூழலே பிடிக்கும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் 1880இல் தொடங்கிய காண்டா யாபு சொபா. 2013 பிப்ரவரியில் தீப்பிடித்து, 2014 அக்டோபரில் புதுக் கட்டடத்தில் திரும்பத் திறந்தார்கள். யாபு வழிக் கடைகளில் தொட்டுக்கொள்ளும் ரசம், அதாவது ட்சுயு, அடர்த்தியாகவும் உப்பாகவும் இருக்கும், அதனால் நூல் நுனியை மட்டும் தொட்டால் போதும்.

தோக்கியோவில் யாபு, சாராஷினா, சுனாபா என்று மூன்று பழைய வழிகள் உண்டு. சாராஷினா என்றால் விதையின் நடுப்பகுதியை மட்டும் எடுத்த வெள்ளை மாவு, பார்த்தால் இடியாப்பமோ என்று தோன்றும் அளவுக்கு வெள்ளை. அஸாபுஜூபானில் இருக்கும் சாராஷினா ஹோரீ தன் தொடக்கத்தை 1789 என்று சொல்கிறது. அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற இலையோ பழத்தோலோ கலந்த வண்ணச் சொபாவும் அங்கே செய்வார்கள். வெள்ளைச் சொபாவில் மணம் குறைவு, இனிப்பு அதிகம். எனக்குக் கறுப்பான சொபாதான் பிடிக்கும் என்றாலும் ஒரு தடவை இதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நகர நெரிசல் வேண்டாம் என்றால் மேற்கே சோஃபு ஊரில் இருக்கும் ஜின்தாய்ஜி கோயிலுக்குப் போங்கள். 733இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் கோயில். அந்த மண் நெல்லுக்கு ஒத்துவராமல் பக்வீட் விதைத்தார்கள், அதிலிருந்து வந்ததுதான் கோயிலைச் சுற்றியுள்ள இருபது கடைகளும். மரநிழலும் ஊற்றுநீரும் இருக்கும், பக்கத்திலேயே பெரிய தாவரவியல் பூங்கா. கிச்சிஜோஜியிலிருந்தோ சோஃபுவிலிருந்தோ பேருந்து உண்டு. எல்லாக் கடையும் கையால் செய்வதில்லை, வாசலில் தெஉச்சி என்று இருக்கிறதா என்று பார்த்து நுழையுங்கள்.

தோக்கியோவுக்கு வெளியே ஒரே ஓர் ஊர்தான் போக முடியும் என்றால்?

தோகாகுஷி. யோசிக்கவே வேண்டாம்.

நாகானோ வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து மலைப்பேருந்தில் ஒரு மணி நேரம். ஷிந்தோ கோயில் ஒன்று மலையடிவாரத்திலிருந்து உச்சி நோக்கி ஐந்து சன்னதிகளாகப் பரவியிருக்கிறது. மேல் சன்னதிக்குப் போகும் வழியில் இருபுறமும் நானூறு வயது தாண்டிய தேவதாரு மரங்கள். மூடுபனியும் பகல் இரவு வெப்ப வித்தியாசமும் இருக்கும் மலை, பக்வீட்டுக்கு அதுதான் வேண்டும்.

இங்கே சொபாவை வட்டமான மூங்கில் தட்டில் ஐந்தாறு சின்னச் சுருள்களாக வைத்துத் தருவார்கள். போச்சி என்று பெயர். தண்ணீரை முழுசாக வடிக்க மாட்டார்கள், நூலில் மலைத்தண்ணீர் ஒட்டிக்கொண்டே வரும். தட்டும் உள்ளூர் மூங்கிலில் உள்ளூர்க்காரர்கள் பின்னியது. ஒரு சுருள், ஒரு வாய். நான் முதல் சுருளை ட்சுயு தொடாமல் அப்படியே சாப்பிட்டேன், பச்சைப் பயறை லேசாக வறுத்தால் வருமே ஒரு வாசனை, கிட்டத்தட்ட அது வந்தது.

நடு சன்னதிக்கு எதிரே இருக்கும் உசுராயா பிரபலமான கடை, கூட்டம் அலைமோதும். அது கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், அந்த மலையில் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. நீங்களே பிசைந்து வெட்டிப் பார்க்க வேண்டும் என்றால் தோன்குருரின் என்ற சொபா அருங்காட்சியகத்தில் அதற்கு வகுப்பு உண்டு. முடிவில் நீங்கள் வெட்டியதையே சாப்பிடலாம். நம் கையில் நூல் தடிமன் தாறுமாறாக வரும், ஒரு நூல் வெந்திருக்கும்போது பக்கத்து நூல் வேகாமல் இருக்கும். அந்த மாஸ்டரின் டக் டக் தாளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரியும்.

இசுமோ சொபா வேறு மாதிரியா?

ரொம்பவே. ஷிமானே மாவட்டத்தில் பெரிய இசுமோ கோயிலைச் சுற்றிக் கிடைப்பது. விதையைத் தோலோடு சேர்த்து அரைப்பதால் நிறம் கருமை, மணம் அழுத்தமாக இருக்கும். மூன்று வட்டமான அரக்குக் கிண்ணங்களை அடுக்கி வைத்துத் தருவார்கள், வாரிகோ என்று பெயர், நம் டிபன் கேரியர் அடுக்கு போல. இங்கே நூலை ட்சுயுவில் தொடக்கூடாது, ட்சுயுவைத்தான் நூல்மேல் ஊற்ற வேண்டும். மேல் கிண்ணத்தைச் சாப்பிட்டு முடித்ததும் மிச்சமிருக்கும் ட்சுயுவை அடுத்த கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தொடர வேண்டும்.

இந்தச் சொபா நாகானோவிலிருந்து வந்தது என்பது ஊர் வரலாறு. 1638இல் மட்சுதைரா நாவோமாசா என்ற பிரபு மட்சுமோட்டோவிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தபோது சொபா செய்கிறவர்களையும் கூட்டி வந்தார் என்கிறார்கள். ஹ்யோகோவின் இசுஷி ஊருக்கும் அதே கதைதான்: 1706இல் நாகானோவின் உஎதாவிலிருந்து சென்கோகு குடும்பம் அங்கே வந்தது. இசுஷியில் சின்ன வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் தருவார்கள், ஐந்து தட்டு ஓர் ஆளுக்கு.

வேறு ஊர்கள்?

நீகாதாவில் ஹெகி சொபா. மாவை ஒட்டவைக்க ஃபுனோரி என்ற கடற்பாசியைச் சேர்க்கிறார்கள். அங்கே நெசவு அதிகம், நூலுக்குக் கஞ்சி போட வைத்திருந்த பாசி அப்படியே அடுப்படிக்கும் வந்துவிட்டது. நூல் வழுவழுவென்று லேசான பச்சையாக இருக்கும்.

யாமகாதாவில் மரப்பலகைப் பெட்டியில் பரப்பித் தரும் இதா சொபா, தடிமனான, நன்றாக மென்று சாப்பிட வேண்டிய வகை. ஃபுகுயில் துருவிய முள்ளங்கியோடு தரும் எச்சிசென் ஓரோஷி சொபா, உறைப்புப் பிடித்தவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. ஃபுகுஷிமாவில் ஓஉச்சிஜுகு என்ற கூரைவீட்டுக் கிராமத்தில் முழு வெங்காயத்தாளையே குச்சியாக வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள், நடுநடுவே அதையும் கடித்துக்கொள்ள வேண்டும்.

மோரியோகாவின் வான்கோ சொபா, பரிமாறுகிறவர் உங்கள் கிண்ணத்தில் ஒவ்வொரு வாயாகப் போட்டுக்கொண்டே இருப்பார், மூடியைப் போட்டு மூடும்வரை நிறுத்தமாட்டார். குழந்தைகளோடு போனால் அருமையாகப் பொழுது போகும். சொபாவின் சுவை அறிய அது இடம் இல்லை என்பது என் கருத்து.

கியோட்டோவில்?

ஹோங்கே ஓவாரியா 1465இல் இனிப்புக் கடையாகத் தொடங்கியது, பிறகுதான் சொபா. மட்சுபா கடையின் உலர்ந்த ஹெர்ரிங் மீன் வைத்த சூடான நிஷின் சொபாவும் பேர்போனது. ஆனால் கியோட்டோவில் ருசி சாற்றில்தான், நூலில் அல்ல. மணத்துக்காகப் போகிறவர்கள் நாகானோ போங்கள்.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவது?

மாதம் என்றால் அக்டோபர் கடைசியும் நவம்பரும். புது விதை வந்துவிடும், "ஷின் சொபா" என்று வாசலில் தாள் ஒட்டுவார்கள். புதுச்சொபாவில் லேசான பச்சை நிறமும் மணமும் இருக்கும். டிசம்பர் 31 அன்று ஜப்பான் முழுவதும் ஆண்டு முடிவுச் சொபா சாப்பிடும், அன்று நல்ல கடைக்குப் போகாதீர்கள், வரிசையிலேயே நாள் போய்விடும்.

நேரம் என்றால் கடை திறக்கும் நேரம், அவ்வளவுதான். பதினொன்றரைக்குத் திறந்தால் பதினொன்றே காலுக்கு வாசலில் நில்லுங்கள். காலையில் பிசைந்தது தீர்ந்ததும் கடையை மூடிவிடுவார்கள். ஒருமுறை நாகானோ மலையில் ஒரு கடையைத் தேடி இரண்டு பேருந்து மாறிப் போய் இரண்டு மணிக்குச் சேர்ந்தேன். வாசல் துணியை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்மா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். திரும்பும் பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன், பசியோடு.

எதைச் சொல்ல வேண்டும்?

மோரி அல்லது செய்ரோ. குளிர்ந்த நூல், தொட்டுக்கொள்ள ட்சுயு, வேறெதுவும் இல்லை. அதன்மேல் நோரிப் பாசியைத் தூவினால் பெரும்பாலும் ஸாரு என்பார்கள். வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசித் தருவதால்தான் நூலின் விளிம்பும் மணமும் நிற்கின்றன. சூடான கிண்ணத்தில் ஊறினால் கையால் செய்த பலன் பாதி போய்விடும். குளிர்காலத்தில் சூடாகத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு மோரி, பிறகு சூடானது.

சாப்பிட முறை ஏதாவது உண்டா?

சட்டம் எதுவும் இல்லை, ஆனால் பலன் தரும் பழக்கங்கள் உண்டு. முதல் வாய் எதுவும் தொடாமல். பிறகு நூலின் கீழ்ப்பகுதியை மட்டும் ட்சுயுவில் தொட்டு, சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் ரசத்தை உறிஞ்சினால் திட்டு வாங்கியிருப்போம், இங்கே கூச்சமே வேண்டாம், காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் மணம் மூக்குக்குப் போகும். வாசாபியை ட்சுயுவில் கரைக்காமல் நூல்மேல் துளி வையுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், தட்டு வந்ததும் சாப்பிடுங்கள். ஐந்து நிமிடம் போட்டோ எடுத்தால் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முடியும் நேரத்தில் மூக்கு வைத்த சின்னப் பாத்திரத்தில் வெள்ளையாகச் சூடான தண்ணீர் வரும். அது சொபா வேகவைத்த தண்ணீர், சொபாயு. மிச்ச ட்சுயுவில் ஊற்றிக் குடிக்க வேண்டும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

நான் சைவம். சாப்பிட முடியுமா?

நூல் சைவம்தான். ட்சுயு சைவம் இல்லை, உலர்த்திச் சீவிய காட்சுவோ மீனில்தான் அதன் சாறு எடுக்கிறார்கள். "காய்கறிச் சொபா" என்று இருந்தாலும் சாறு அதே சாறுதான். நாகானோவில் கிடைக்கும் வால்நட் தொக்கிலும் பெரும்பாலும் அந்தச் சாறு கலந்திருக்கும்.

வழி இருக்கிறது: உப்பு. தெஉச்சிக் கடைகள் பலவற்றில் உப்பு தொட்டுச் சாப்பிடுவது மதிப்பான பழக்கம், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். "ஷியோ தெ தாபெதாய் தெஸ்" என்று சொன்னால் புரியும், உப்பு தொட்டுச் சாப்பிட விரும்புகிறேன் என்று பொருள். மோரி, உப்பு, வாசாபி, துருவிய முள்ளங்கி, முடிவில் உப்புப் போட்ட சொபாயு. சைவர்கள் இழப்பது குறைவு, மாவின் ருசி அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

அலர்ஜி இருந்தால்?

பக்வீட் அலர்ஜி மிகக் கடுமையாக வரக்கூடியது, உயிருக்கே ஆபத்து. ஜப்பானில் பாக்கெட் உணவுகளில் சொபா இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குட்டு மாவு ஒத்துக்கொள்ளாதவர்கள் சொபாக் கடைக்குள்ளேயே போகாதீர்கள், மாவு காற்றில் பறக்கும், உடோனையும் பல இடங்களில் அதே பானையில்தான் வேகவைப்பார்கள். குளூட்டன் ஆகாதவர்களுக்கு ஜூவாரியும் முழுப் பாதுகாப்பு இல்லை: உருட்டும்போது தூவும் மாவு, அதே கொதிநீர், சோயா சாஸில் உள்ள கோதுமை எல்லாம் இருக்கின்றன.

ரயில் நிலையத்தில் நின்றபடி சாப்பிடும் சொபா?

பிடிக்கும், அடிக்கடி சாப்பிடுவேன். நானூறு ஐந்நூறு யென்னில் சூடான கிண்ணம், மூன்று நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அது அநேகமாக மெஷின் நூல், கோதுமை கூடுதலாக இருக்கும். வேறு பொருள் என்று நினைத்துச் சாப்பிடுங்கள்.

யாகிசொபா, ஓகினாவா சொபா?

இரண்டும் கோதுமை, பக்வீட் துளியும் இல்லை.

செலவு எவ்வளவு? முன்பதிவு வேண்டுமா?

கையால் செய்த மோரி ஊர்ப்புறத்தில் ஆயிரம் யென்னை ஒட்டி, தோக்கியோவில் அதற்குக் கொஞ்சம் மேல். மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா சேர்த்தால் இரண்டு மடங்கு. அளவு நம் வயிற்றுக்குக் குறைவு, "ஓமோரி" என்று கேட்டால் கூடுதலாகக் கிடைக்கும். மதியத்துக்கு முன்பதிவு பெரும்பாலும் கிடையாது, வரிசைதான். சின்னக் கடைகளில் கார்டு வாங்காமல் இருக்கலாம், கையில் பணம் வையுங்கள். வார விடுமுறை கடைக்குக் கடை மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தோக்கியோவில் அரை நாள்தான் இருக்கிறது, என்ன செய்வது?

காலை உணவைக் குறைத்துக்கொண்டு, காண்டா மட்சுயா திறக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் வரிசையில் நில்லுங்கள். ஒரு மோரி சொல்லுங்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் மோரி, ஒருவர் எள் அரைத்த ட்சுயுவோடு வரும் கோமா சொபா என்று பகிர்ந்துகொள்ளலாம். சொபாயு வரும்வரை எழுந்துவிடாதீர்கள், வரவில்லை என்றால் "சொபாயு ஒனேகாய்ஷிமாஸ்" என்று கேளுங்கள்.